வாங்கியதா, இரவலா?

தொலைக்காட்சிப் பெட்டியை ஓரங்கட்டிவிட்டுக் கணிப்பொறி வீட்டுக் கூடத்தில் வந்தமர்ந்துவிட்டது. இனிக் காண்பவனே மன்னன்; வேண்டியதை வேண்டியபொழுது காணலாம் என வணிகர் முழக்குகின்றனர். அம்மன்னனுக்கு நேர்ந்தது யாது?

2002-இல் மைக்ரோசாப்ட்டு நிறுவனம் ‘மீடியா சென்டர்’ என்பதை விண்டோசுக் கணிப்பொறிக்குள் கொணர்ந்தது. (ஊடக நடுவம் என்றால் வாய் வலிக்குமோ?) தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பதிவு செய்தல், பாட்டுக் கேட்டல், படம் பார்த்தல் யாவும் அதனுள் அடங்கின. வீட்டார் விலைகொடுத்து வாங்கினர், பழகினர். 2015-இல் விண்டோசு 10 வந்தது. அதற்கு மாறிய கணிப்பொறிகளிலிருந்து அம்மென்பொருள் நீக்கப்பட்டது! விற்ற பெட்டியின் உறுப்பை மீண்டும் வந்து கழற்றிக்கொண்டு போன தொலைக்காட்சிக் கடைக்காரர் எவரேனும் உண்டா?

ஒளிநாடாவின் காலம் வேறு. சோனியின் பதிவுக் கருவியை எதிர்த்துத் திரைப்பட முதலாளிகள் வழக்காடினர். பின்னர்க் காண்பதற்காக வீட்டில் பதிவு செய்தல் குற்றமன்று என 1984-இல் அமெரிக்க உச்சமுறைமன்றம் தீர்ப்புரைத்தது. பதிந்த நாடா வீட்டுப் பேழைக்குள் கிடந்தது. முதலாளியின் கை அதுவரை நீளவில்லை.

2007-இல் நெட்பிளிக்சு இணையவழிக் காட்சியைத் தொடங்கியது. திங்கள்தோறும் கட்டணம் செலுத்துவோரின் வீட்டில் எஞ்சுவது என்ன? உரிமக்காலம் முடிந்தால் நேற்றிருந்த படம் இன்றில்லை. பெட்டியும் திரையும் வீட்டாருடையவை. திறவுகோல் மட்டும் கடல்கடந்த கையில்!

விற்கப்படுவது பொருளா இரவலா என்பதை, ‘வாங்குக’ என்னும் பொத்தானின் மேலேயே வணிகன் எழுதி வைக்கட்டும்.