கழன்று வந்தால் போதுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை. அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடம். ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பிரேக் டிரம்மைச் சுத்தியலால் சாத்திக்கொண்டிருப்பார். சுற்றிலும் நாலு பேர். "இன்னும் ரெண்டு போடுங்க சார், வந்துடும்!" டங்... டங்... டங்... கடைசியில் டிரம் கழன்று வரும். ஒரே கைதட்டல்! நம்ம ஹீரோ உள்ளே இருக்கிற தூசியை ஊதிவிட்டு, எல்லாவற்றையும் இருந்தபடியே மாட்டிவிட்டு, மெக்கானிக் கூலி மிச்சம் என்று டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்.

மிச்சமா? கொஞ்சம் கணக்குப் பார்ப்போமே.

வீட்டில் கார் ரிப்பேர் பார்ப்பது தப்பே இல்லை. "பிரேக்கை மட்டும் தொடாதே" என்று பயமுறுத்துகிறவர்கள், பல ஷெட்டுகளிலும் இதே சுத்தியல்தான் பேசுகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். கழற்றுவது யார் என்பதில் இல்லை பிரச்சினை. இறுகிப்போன பாகம் கழன்றுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் இருக்கிறது.

இரும்பு துருப்பிடித்தால் முன்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் ஒன்றோடு ஒன்று பொருந்திய பாகங்கள் வெல்டிங் வைத்த மாதிரி இறுகிப்போகின்றன. கடற்காற்று அடிக்கும் சென்னை, தூத்துக்குடி போன்ற ஊர்களில் கேட்கவே வேண்டாம். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியபோது ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தி, பல வாரம் கழித்து எடுக்கப் போனவர்களுக்கு, ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று தெரிந்திருக்கும்.

சரி, கழற்றுவதாவது ஒழுங்காக நடக்கிறதா? ஹேண்ட் பிரேக்கை விடுவித்தாரா? தேய்ந்த டிரம்மின் உள்விளிம்பில் ஒரு வரப்பு நிற்கும். ஷூ அதில் மாட்டிக்கொள்ளும். அட்ஜஸ்டரைத் தளர்த்தினால்தான் விடும். மாருதி சுஸுகி கார்கள் பலவற்றின் டிரம் முகத்தில் மரை போட்ட இரண்டு ஓட்டைகள் இருக்கும். 8 மி.மீ. போல்ட்டு இரண்டை அதில் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினால், போல்ட்டே டிரம்மை வெளியே தள்ளிவிடும். சத்தமே வராது. பார்க்க வந்த நாலு பேருக்குத்தான் ஏமாற்றம் :-)

வார்ப்பிரும்பு அடி தாங்காமல் விரிசல் விடும். அதே அடி பேரிங்கையும் பதம் பார்க்கும். அதுவும் காரோடு வந்த ஜாக்கியை மட்டும் நம்பி அடிக்கிறார்களே, அது டயர் மாற்றுவதற்கு மட்டும் கொடுத்தது. ஸ்டாண்டு வைக்காமல் அடித்தால் டிரம்முக்கு முன்னால் கார் இறங்கிவிடும்.

அடுத்தது, சர்வரோக நிவாரணியான நீல டப்பா. டபிள்யூடி-40 என்பது 1953-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில், ஈரத்தை விலக்குவதற்காக உருவாக்கப்பட்ட கலவை. அதைப் பிரேக் முழுக்கத் தெளித்தால் ஷூவும் பேடும் எண்ணெய் குடித்துவிடும். அப்புறம் பிடிப்பு எங்கிருந்து வரும்? துருவுக்குள் இறங்கும் எண்ணெயை இறுகிய மூட்டில் மட்டும் விட்டு, ஒரு ராத்திரி காத்திருக்கலாம். காத்திருக்கக் கூலி கிடையாது. கேஸ் டார்ச் வீரர்களுக்கும் ஒரு வார்த்தை: குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தெளித்த இடத்தைச் சூடாக்கினால் பாஸ்ஜீன் வரும். முதல் உலகப் போரில் ஆள் கொல்லப் பயன்பட்ட வாயு அது.

எப்படியோ கழன்றுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது ஏன் இறுகியது? இந்தக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை.

முன்சக்கர டிஸ்க் பிரேக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கார்களில் காலிப்பர் இரண்டு பின்களின் மேல் நகரும். அந்தப் பின் துருப்பிடித்து நின்றால் உள்பக்கப் பேடு மட்டும் தேய்ந்து தகடாகிவிடும். வெளியிலிருந்து எட்டிப் பார்த்தால் வெளிப்பக்கப் பேடு தடியாகத் தெரியும். "இன்னும் நிறைய இருக்கு சார்!" துருப்பிடித்த பின்னைத் தட்டிக் கழற்றி, எமரித்தாளால் தேய்த்து அதையே மாட்டினால், கொஞ்ச நாளில் மறுபடி இறுகும். சாதாரண கிரீஸ் தடவினால் ரப்பர் உறை ஊதிக் கெடும். பிரேக்குக்கென்று இருக்கும் சிலிகான் கிரீஸ்தான் வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். காலாகாலத்தில் மாற்றாவிட்டால் பிஸ்டனும் உள்ளேயே துருப்பிடிக்கும். குழி விழுந்த பிஸ்டனை மாற்றித்தான் ஆக வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம். பின், உறை, கிரீஸ் எல்லாம் சில்லறைச் செலவு. அதை மிச்சம் பிடித்தவர் வரவுப் பக்கத்தை மட்டும் எழுதுகிறார். பற்றுப் பக்கத்தில் எழுத வேண்டியது, பள்ளிக்கூட வாசலில் சாலையைக் கடக்கும் பிள்ளையின் பேர். அந்தப் பிள்ளையை யாரும் கேட்கவில்லை, கையெழுத்தும் வாங்கவில்லை. இப்படி எழுதினால் எந்தத் தணிக்கையாளர் ஒப்புக்கொள்வார்?

கடைசியாக ஒன்று. பிஸ்டனை உள்ளே தள்ளிப் பேடு மாட்டியபின், முதல் மிதிக்குப் பெடல் தரைவரை போகும், பிரேக் பிடிக்காது. பெடல் கெட்டியாகும்வரை நின்ற இடத்திலேயே மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்த வேண்டும்.

அடுத்த ஞாயிறு டிரம் கழன்றதும் கைதட்ட அவசரப்படாதீர்கள் மக்களே. திரும்ப என்ன மாட்டுகிறார் என்று பார்த்துவிட்டுத் தட்டுங்கள்.