டீக்கும் ‘ஸ்கேன்’ பண்ணும் இளசுகள்: கார்டை ‘தட்ட’ மட்டும் தயக்கம் ஏன்?

சென்னை: பத்து, பதினைந்து ரூபாய் டீக்குக்கூட செல்போனை நீட்டும் இளைஞர்கள், மெஷினில் காட்டினாலே பணம் போகும் ‘டேப்’ கார்டை மட்டும் பர்சிலேயே தூங்க வைக்கிறார்கள்.

காரணம், முதலில் கடைக்காரர்தான். ஸ்கேன் ஸ்டிக்கர் ஒட்ட பெரிய செலவு கிடையாது. வங்கிக் கணக்கில் இருந்து வரும் யு.பி.ஐ. பணத்துக்கு 2020 ஜனவரி முதல் கமிஷனும் இல்லை. கார்டு மெஷினுக்கோ வாடகை, கிரெடிட் கார்டு என்றால் கமிஷன் வேறு. பெட்டிக்கடை அண்ணாச்சி எதை வைப்பார்? மெஷினே இல்லாத கடையில் பையன் எங்கே போய் தட்டுவான்!

அடுத்தது பயம். 2021 ஜனவரி 1 முதல் 5 ஆயிரம் ரூபாய் வரை ‘பின்’ நம்பர் இல்லாமலே தட்டலாம். "தொலைஞ்சா எடுத்தவனும் தட்டுவானே" என்று பசங்க கேட்பது நியாயம்தான். ஆனால் 2020 அக்டோபரில் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, புது கார்டில் இந்த வசதி ‘ஆப்’ ஆகித்தான் வரும். வேணும்னா நாமதான் ‘ஆன்’ பண்ணணும். எத்தனை ரூபாய் வரை என்பதையும் குறைத்து வைக்கலாம். இது பலருக்கு தெரியாது.

சில்லறை தகராறு உள்ள இடத்தில் கதை வேறு. மெட்ரோ ரெயிலில் 2023-ல் வந்த சிங்காரச் சென்னை அட்டை, 2025 ஜனவரியில் மாநகர பஸ்சுக்கும் வந்தது. அட்டையைக் காட்டினால் டிக்கெட், கண்டக்டரோடு மல்லுக்கட்டு இல்லை. அட்டை தொலைந்தாலும் அதில் போட்ட பணத்தோடு போச்சு, வங்கிக் கணக்கு தப்பிக்கும்.

வங்கி கார்டு காணோமா? உடனே வங்கிக்கு போன் போடுங்க. தகவல் சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு.