மரபுக்கு வயதுச் சான்றிதழ் எதற்கு?

இத்தாலியின் பாரம்பரியச் சமையல் என்பதே வியாபாரிகள் கட்டிவிட்ட கதை என்றொரு வாதம் கிளம்பியிருக்கிறது. சான்றுகளும் அடுக்குகிறார்கள்: கார்பனாரா என்ற பாஸ்தா இரண்டாம் உலகப் போருக்குப் பின்தான் புகழ்பெற்றது; திராமிசு என்ற இனிப்பு 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவியது; தக்காளியே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. தகவல்கள் சரி. ஆனால் அவற்றிலிருந்து வரும் முடிவு, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போட்ட முடிச்சு.

வீட்டு அடுப்பைப் பற்றிப் பேச வந்தவர்கள் ஓட்டல் மெனுவை நீட்டுவானேன்? இத்தாலியின் டஸ்கனி வட்டாரத்தில் காய்ந்துபோன உப்பில்லா ரொட்டி, வெள்ளை பீன்ஸ், கரும்பச்சைக் கீரை சேர்த்து நேற்று வைத்த சூப்பை இன்று மறுபடி கொதிக்கவிட்டு, மேலே ஆலிவ் எண்ணெய் விடுகிறார்கள். அதுதான் ரிபொல்லிதா. தெற்கு இத்தாலியின் பாரி நகரில் பழைய சந்துகளில் பெண்கள் வாசலில் மேசை போட்டு, ரவை மாவுத் துண்டைக் கத்தியால் அழுத்தி இழுத்து, கட்டைவிரலில் கவிழ்த்து ஒரெக்கியெத்தே என்ற பாஸ்தா செய்கிறார்கள். இந்தக் கைப்பக்குவத்தை எந்த விளம்பரக்காரர் சொல்லிக்கொடுத்தார்?

வீட்டுச் சமையல் அச்சிலும் ஏறியது. இத்தாலிய எழுத்தாளர் பெல்லெக்ரினோ அர்த்தூசி 1891இல் சொந்தச் செலவில் வெளியிட்ட சமையல் நூலில் 475 குறிப்புகள் இருந்தன. 1911இல் அவர் காலமாவதற்குள் அவை 790 ஆகிவிட்டன. அந்த வளர்ச்சியில் அவருக்குக் கடிதம் எழுதிய வாசகிகளின் பங்கு பெரிது.

புதிய பொருளைச் சேர்த்துக்கொள்வதும் மிச்சத்தை வீணாக்காததும் அந்த வீடுகளின் மரபு. ‘அசல்’ என்று சீட்டு ஒட்டி விற்பவரைச் சாடுங்கள், சமைப்பவரை விட்டுவிடுங்கள்.