சோப்புக்கு முன்னே சோதனைச்சாவடி

பெருந்தொற்றுக்கு இனமில்லை, ஏழை பணக்காரன் பேதமில்லை என்று 2020இல் உலகெங்கும் ஆட்சியாளர்கள் உபதேசித்தனர். கிருமிக்கு இல்லாதிருக்கலாம், அரசுகளுக்கு உண்டு. ஐரோப்பாவின் ரோமா மக்கள் பட்டபாடே அதற்குச் சாட்சி.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து மேற்கே சென்றவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். இன்றைய ருமேனிய மண்ணில் 1850கள் வரை அடிமைகள். நாஜிகளால் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டவர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் மட்டும் சுமார் 60 லட்சம் பேர் வாழ்கின்றனர். ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை ஒன்பது நாடுகளில் எடுத்து 2016இல் வெளியிட்ட கணக்கின்படி, அவர்களில் 80 விழுக்காட்டினர் வறுமை அபாயக் கோட்டுக்குக் கீழே இருந்தனர். ஏறத்தாழ மூன்றில் ஒருவரது வீட்டில் தண்ணீர்க் குழாய் இல்லை. "கைகளைக் கழுவுங்கள்" என்பதை முதல் மருந்தாக அறிவித்த அரசுகளுக்கு இந்தக் கணக்கு தெரியாததன்று.

தெரிந்தும் என்ன செய்தார்கள்? பல்கேரியாவில், நாடு முழுவதும் தொற்றாளர் எண்ணிக்கை இருநூறைத் தாண்டாத 2020 மார்ச் மூன்றாம் வாரத்திலேயே, நோவா சகோரா, கசான்லக், ஸ்லிவன் நகரங்களின் ரோமா குடியிருப்புகளைச் சுற்றிக் காவல்துறைச் சாவடிகள் முளைத்தன. பின்னர் யாம்போல் நகரின் ரோமா பகுதி மீது ஹெலிகாப்டரிலிருந்து கிருமிநாசினி பொழியப்பட்டது. குழாயில் வராத நீருக்கு மாற்றாக வானிலிருந்து வந்தது இதுதான்! ஏப்ரலில் கிழக்கு ஸ்லோவாகியாவில் ஐந்து ரோமா குடியிருப்புகள் காவலர், இராணுவத்தினர் துணையோடு மூடப்பட்டன.

தொற்று பரவும் இடத்தை மூடுவது மருத்துவ நெறிதானே என்று சிலர் கேட்கலாம். நெறிதான், நாம் அதை மறுக்கவில்லை. ஆனால் நோயைக் கண்டு மூடுவது வேறு, பிறப்பைக் கண்டு மூடுவது வேறு. முன்னது சுகாதாரம், பின்னது சிறைவைப்பு.

நிவாரணமோ எதிர்த்திசையில் சென்றது. ருமேனியாவில் வேலை நிறுத்திவைக்கப்பட்ட தொழிலாளருக்கு அடிப்படை ஊதியத்தில் 75 விழுக்காடு தரப்பட்டது. வரவேற்கத்தக்க ஏற்பாடு, ஆனால் அது வேலை ஒப்பந்தம் உள்ளவர்க்கு மட்டுமே. பழைய இரும்பு பொறுக்குபவர், சந்தையில் துணி விற்பவர், திருமண வீடுகளில் இசைப்பவர் ஆகியோரிடம் ஏது ஒப்பந்தம்? ஊரடங்கு அனைவருக்கும் பொது. உதவி மட்டும் காகிதம் வைத்திருப்பவருக்கு. வகுப்புகள் இணையத்துக்கு மாறியபோது, கணினியும் இணைப்பும் இல்லாத குழந்தைகளின் கதியும் அதுவே.

மாற்று வழி இல்லாமலில்லை. ருமேனியா 2002 முதலே சுகாதார இடையாளர்களை நியமித்தது. ரோமா மக்களிடையே இருந்தே தெரிவு செய்யப்பட்ட பெண்கள் அவர்கள். வீடுவீடாகச் சென்று மக்களை மருத்துவரோடு இணைப்பவர்கள். ஸ்லோவாகியாவிலும் அத்தகையோர் பணியாற்றினர். நம்பிக்கையை விதைக்கத் துப்பாக்கி தேவையில்லை. ஊதியம் பெறும் உள்ளூர்ப் பணியாளர் போதும் என்பதற்கு அவர்களே சான்று. அவர்களைப் பெருக்காமல் சாவடிகளைப் பெருக்கியது அறியாமையன்று, வர்க்க அரசியல்.

2016இல் டில்லியில் நடந்த சர்வதேச ரோமா மாநாட்டில், இவர்கள் இந்தியாவின் பிள்ளைகள் என்று அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் உரிமை கொண்டாடினார். 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் நீக்கப்பட்டுப் பல்லாண்டுகள் ஆன பின்னும், நம் நாடோடிச் சமூகங்களைக் காவல்நிலையச் சந்தேகத்தில் வைத்திருப்போர் கடல் கடந்த பிள்ளைகளுக்கு உருகுவது வேடிக்கை.

2020 அக்டோபரில் ஐரோப்பிய ஆணையம் ரோமா மக்களுக்கான பத்தாண்டுத் திட்டச் சட்டகத்தை வெளியிட்டது. சமத்துவம், உள்ளடக்கம், பங்கேற்பு என்பன அதன் முழக்கங்கள். தமிழில் 'உள்ளடக்குதல்' என்று எழுதும்போதே அதற்குள் 'அடக்குதல்' இருப்பது கண்ணில் படுகிறது. ரோமா மக்கள் இதுவரை கண்டது அந்தப் பாதியை மட்டுமே. குழாயும், வீட்டுமனை உரிமையும், ஒப்பந்தம் கேட்காத நிவாரணமும் வரும் நாளில்தான் அச்சொல் முழுமை பெறும். அதை ஆணையங்கள் தாமாகத் தரப்போவதில்லை. உழைக்கும் மக்களின் ஒன்றுபட்ட போராட்டமே பெற்றுத் தரும்.