வழக்குரையும் குளிர்த்தியும்
சினம் பற்றி ஒரு மறுப்புரை

சினம் தீது என்பது தமிழ்ச் சிறார்க்குப் பாலபாடத்திலேயே புகட்டப்படும் அறிவுரையாகும். ஔவையாரின் ஆத்திசூடி சினத்தைத் தணியவேண்டிய ஒன்றாகக் காட்டுகின்றது. திருக்குறளோ துறவறவியலில் வெகுளாமைக்குத் தனி அதிகாரமே வகுத்துள்ளது. இளமையில் மனனஞ் செய்த இவ்வறிவுரை, பின்னர் வீட்டிலும் அலுவலகத்திலும் திறனாய்வு மேடையிலும் தீர்ப்பாகவே மாறிவிடுகின்றது. சினந்து பேசுபவன் பண்பற்றவன். சினந்து எழுதப்பட்ட கவிதை வெறும் பிரசாரம். எதற்கும் சினவாதவனே கற்றறிந்தவன் என்றெல்லாம் நம்மிடையே எளிதிற் கூறப்படுகின்றது. இது தமிழ் மரபின் முடிந்த முடிபு அன்று. அம்மரபைப் பாதியளவிற் படித்தவர்களின் முடிபே என்பது எமது கருத்து.

முதலில் தொல்காப்பியரை நோக்குவோம். மெய்ப்பாட்டியலிலே நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகள் கூறப்படுகின்றன. அவற்றுள் வெகுளி பிறக்கும் நிலைக்களன்களாக அவர் சுட்டுவன நான்கு: உறுப்பை அறுத்தல், குடியைத் துன்புறுத்தல், அடித்தும் வைதும் அலைத்தல், கொலை செய்தல். இந்நான்கும் பிறர் இழைக்கும் கொடுமைகள் என்பது மனங்கொளத்தக்கது. விரும்பிய பொருள் கிடையாமையோ, எதிர்பார்த்த வணக்கம் கிட்டாமையோ இப்பட்டியலில் இடம்பெறவில்லை. கிரேக்க அறிஞரான அரிஸ்டாட்டில், தக்க காரணத்துக்காகத் தக்கவர்மீது தக்க அளவிற் சினப்பதைப் பாராட்டி, சினக்கவேண்டியவற்றுக்குச் சினவாதவரைப் பேதையர் எனக் கருதினார். தொல்காப்பியரின் பட்டியலும் அதனை ஒத்த ஒரு தெளிவைத் தருகின்றது: சினம் எப்பொழுதும் மனநோய் அன்று, பல வேளைகளில் அது இழைக்கப்பட்ட தீங்கின் சாட்சியாகும்.

இனி வள்ளுவர். வெகுளாமை அதிகாரத்தின் முதற்குறள், சினம் பலிக்கக்கூடிய இடத்தில் அதனைக் காப்பவனே உண்மையிற் சினங்காப்பவன் என்றும், பலியாத இடத்தில் அதனைக் காத்தால் என்ன, காவாவிட்டால் என்ன என்றும் கூறுகின்றது. அடுத்த குறள், பலியாத இடத்திலும் சினம் தீதே என ஒப்புக்கொண்டு, பலிக்கும் இடத்தில் அதனினும் தீயது வேறில்லை என முடிக்கின்றது. ஆகவே வள்ளுவரின் அறிவுரை முதன்மையாக யாரை நோக்கியது? சினம் செல்லக்கூடிய இடத்திலிருப்பவனை நோக்கியது. அரசன், முதலாளி, அதிகாரி, கணவன், ஆசிரியன் என வலியோர் நிரையே அங்கு நிற்கின்றது. அதே வள்ளுவர் கொடுங்கோன்மை அதிகாரத்தில், துன்பம் பொறாது அழுதவர்களின் கண்ணீரை ஆள்பவனின் செல்வத்தைத் தேய்க்கும் படையெனக் கூறுகின்றார். வலியோர்க்குச் சொல்லப்பட்ட மருந்தை மெலியோர் வாயிற் புகட்டிவிட்டு, வலியோரின் சினத்துக்குக் 'கண்டிப்பு' என்று பெயர் சூட்டுவதே நம் நடைமுறையாயிற்று. மேலதிகாரி மேசையில் அடித்துப் பேசினால் அது ஆளுமை. சிற்றூழியன் குரல் உயர்த்தினால் அது ஒழுக்கக்கேடு.

இந்தத் தலைகீழ் அறத்தின் விளைவு யாது? மேல்நோக்கிச் செல்ல வழியற்ற சினம் கீழ்நோக்கிப் பாய்கின்றது. அலுவலகத்திற் பகல் முழுவதும் குனிந்து நின்றவன் இரவில் கறியில் உப்புக் குறைந்ததென்று மனைவிமீது சீறுகின்றான்; அவள் பிள்ளையை அடிக்கின்றாள்; பிள்ளை நாய்க்குட்டியை உதைக்கின்றது. இச்சங்கிலியை நாம் அறிவோம். ஆயின் இதன் மிகக் கொடிய வடிவம் நமது பல்கலைக்கழகங்களிலேயே வாழ்கின்றது என்பதை ஒப்புக்கொள்ளத் தயங்குகின்றோம். பகிடிவதை என்பது வேறென்ன? முதலாம் வருடத்தில் இழிவுபடுத்தப்பட்ட மாணவன், தன்னை இழிவுபடுத்தியவனை எதிர்க்கமாட்டாமல் ஓராண்டு காத்திருந்து, தனக்கு எத்தீங்கும் செய்யாத புதியவன்மீது அச்சினத்தைத் தீர்த்துக்கொள்கின்றான். இதனைத் தடைசெய்யும் 20 ஆம் இலக்கச் சட்டம் 1998 இல் நிறைவேற்றப்பட்டது. ஆயினும் வழக்கம் ஒழிந்தபாடில்லை. வர்க்க வேறுபாட்டைக் களைந்து சமத்துவம் வளர்க்கும் மரபு இது என்று வாதிடுவோரும் உளர். எல்லோரையும் ஒருங்கே சிறுமைப்படுத்துவது சமத்துவம் ஆகாது. "ஒரு வருடந்தானே, பொறுத்துக்கொள்" என்று புதிய மாணவனுக்கு அறிவுரை கூறும் விரிவுரையாளரும் பெற்றோரும், தாம் அமைதியை வளர்ப்பதாக எண்ணுகின்றனர். உண்மையில் அடுத்த ஆண்டின் வதையாளனையே அவர்கள் வளர்க்கின்றனர்.

அங்ஙனமாயின் சினத்தைக் கொட்டித் தீர்ப்பதே வழியா எனச் சிலர் வினவலாம். அன்று. உள்ளத்துச் சினத்தை வெளியே கொட்டினால் அது தணியும் என்ற பரவலான நம்பிக்கையை அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002 இல் வெளியிட்ட ஆய்வு மறுத்தது. தம்மைச் சினமூட்டியவரை நினைந்தவாறே குத்துப்பையைக் குத்தியவர்களின் சினம் மிகுந்தது. எதுவும் செய்யாது அமைதியாக இருந்தவர்களின் சினமோ அவர்களுடையதிலும் குறைவாயிருந்தது. அப்படியானால் அடக்குவதே சிறந்தது என்று பொறுமைவாதிகள் இதனைப் பற்றிக்கொள்ளக்கூடும். ஆயின் ஆய்வுகூடத்தில் ஏற்பட்ட அவமதிப்பு, ஆய்வுகூடத்தோடு முடிந்தது. வாழ்வில் நிகழும் அவமதிப்போ மறுநாட் காலையிலும் வாயிலில் நிற்கின்றது. காத்திருத்தல் சூட்டைத் தணிக்கும்; காரணத்தைத் தணிக்காது. கொட்டுதலும் அடக்குதலும் ஆகிய இரண்டுமே, சினம் எதற்குச் சாட்சியாய் எழுந்ததோ அதனைக் கேளாமல் விடுகின்றன.

மூன்றாவது வழியைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. கண்ணகி அரசவைக்குச் சென்றது சாபமிட அன்று, வழக்குரைக்க. பாண்டிமாதேவியின் சிலம்பு முத்துப்பரல் உடையது, தன் சிலம்பு மாணிக்கப்பரல் உடையது என்ற சான்றை முன்வைத்து, சிலம்பை உடைத்துக் காட்டி வென்றாள். தமிழிலக்கியத்தின் பெருஞ்சினம், தமிழிலக்கியத்தின் பெரும் வழக்காடலாகவும் இருப்பது தற்செயல் அன்று. அவள் தீக்கடவுளை ஏவியபோதும் அறவோர், பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள் முதலியோரை விலக்குமாறு பணித்தாள். ஆயினும் மன்னன் இறந்தபின்னரும் நகரம் எரிந்ததே என்ற வினா நியாயமானது. அதனை மழுப்புதல் தகாது. வழக்குக் கேட்கப்பட்டது, ஆனால் கொலை முடிந்தபின் கேட்கப்பட்டது. பொற்கொல்லன் சொல்லை நம்பி விசாரணையின்றித் தண்டித்த அரசு, பிந்திக் கேட்டதன் விலையை ஊரார் செலுத்தினர். சினம் அறமானதாயிருப்பினும் அதன் தீ எல்லையறியாது என்பதும், அத்தீக்கு முதற்பொறுப்பு செவிசாயாதவனையே சாரும் என்பதும் இங்கு ஒருங்கே பெறப்படுகின்றன.

பின்னர் மதுராபதித் தெய்வம் வந்து முற்பிறப்பின் ஊழ்வினையைக் கூறி அவளைத் தேற்றுகின்றது. அதனிடம் கண்ணகி முதலிற் கேட்பது, தன் துயரத்தை அது அறியுமா என்பதே. அறிந்தேன் என்று ஒப்புக்கொண்ட பின்னரே தெய்வம் ஊழைப் பற்றிப் பேச முடிகின்றது. கம்பனிலும் இலக்குவன் கொதிக்கும்போது விதியின் பிழை எனத் தணிப்பவன் இராமனே, அரசிழந்தவன் அவன், ஆதலால் அச்சொல்லுக்கு உரிமையுடையவன். இழப்பு ஏதுமில்லாத மூன்றாமவன் பிறனொருவனின் சினத்துக்கு ஊழ் காட்டுவது அறம் அன்று, வசதி.

இவ்வுண்மையை நமது கிழக்கிலங்கைக் கிராமத்தவர் ஏட்டுப்படிப்பின்றியே அறிந்திருந்தனர். மட்டக்களப்புப் பிரதேசக் கண்ணகையம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது கண்ணகி வழக்குரை படிக்கப்படுகின்றது. இறுதியிலே குளிர்த்தி பாடி அம்மனின் வெம்மை தணிவிக்கப்படுகின்றது. அம்மை நோயையும் வரட்சியையும் அவளது வெப்பமாகக் கண்ட மக்கள், "சினவாதே தாயே" என்று உபதேசித்து நிறுத்தவில்லை. அவளுக்கு நேர்ந்த கதையை ஆண்டுதோறும் முழுமையாக எடுத்துரைத்தனர். அதன் பின்னரே குளிரச் செய்தனர். வழக்குரை முன்னும் குளிர்த்தி பின்னுமாக அமைந்த அவ்வொழுங்கே சினம்பற்றிய சிறந்த தத்துவமாகும். நமது கற்றோர் செய்வதோ, வழக்குரையை நீக்கிவிட்டுக் குளிர்த்தியை மட்டும் பாடுவது.

சினத்தைப் பழகச் சொன்ன பாரதி இங்கு நினைவுகூரத்தக்கவன். பழகுதல் என்பது வெறியாடுதல் அன்று, பயிற்சி. இழைக்கப்பட்ட தீங்கு யாது, இழைத்தவர் யாவர், சான்று எது என ஆராய்ந்து, உரியவர் முன்னிலையிற் கூறி, நியாயம் கிடைத்தவிடத்து நிறுத்திக்கொள்ளும் பயிற்சி. இப்பயிற்சி பெற்ற படைப்பைப் 'பிரசாரம்' எனத் தள்ளும் திறனாய்வாளர், இளங்கோவையும் தள்ளவேண்டியவராவர்.

ஆகவே, பல்கலைக்கழகத்தாரே, சினத்தோடு நம் வாயிலுக்கு வருபவரிடம் பொறுமையைப் போதிக்குமுன் அவர் கையிலுள்ள சிலம்பைப் பாருங்கள். பகிடிவதைக்குள்ளான மாணவனின் முறைப்பாட்டை அஞ்சாது சொல்லவும் தாமதியாது விசாரிக்கவும் வழிசெய்யுங்கள். மாணவரும் தம் சினத்தைத் தம்மினும் இளையோர்மீது இறக்கிவைக்கும் கோழைமையைக் கைவிடட்டும். வழக்கைக் கேட்ட பின்னர் குளிர்த்தி பாடுவோம். அதுவரை குளிர்ச்சியைப் பற்றிப் பேசும் தகுதி நமக்கில்லை.