சுமையை இறக்க ஓர் இடம்

ஊதியம் பெறாத் தொண்டர்கள் பேணும் திறந்த மூல மென்பொருள்களிலேயே இன்றைய கணினி உலகு பெரிதும் தங்கியுள்ளது. அத்தொண்டர் களைத்தால் பொறுப்பு யாரைச் சேரும்?

லினக்ஸ் கணினிகளிற் பெரும்பாலானவற்றில் இடம்பெறும் ‘எக்ஸ்-இசட்’ என்னும் கோப்புச் சுருக்கக் கருவியைப் பின்லாந்து நாட்டவர் ஒருவர் பல்லாண்டு பேணிவந்தார். அவர் தளர்ந்திருந்த 2022ஆம் ஆண்டில், பொறுப்பைப் பிறருக்குக் கையளிக்குமாறு அறிமுகமற்ற சிலர் நெருக்கினர். ஈராண்டுக்கு மேலாக நற்பணியாற்றி நம்பிக்கை பெற்ற ‘ஜியா டான்’ என்னும் பெயரினர், 2024 பெப்ரவரியில் அக்கருவியிற் கள்ளக் கதவொன்றைப் புகுத்தினார். தொலைக் கணினியினுள் நுழைய அரை விநாடி கூடுதலாவதை அந்திரேஸ் பிரொயிண்ட் என்ற பொறியியலாளர் கவனித்தமையால், மார்ச் 29ஆம் நாள் அது வெளிப்பட்டது.

அந்நியரை நம்பியதே பிழை என்பர் சிலர். நான் அவ்வாறு கருதேன். அந்நியர் கைகொடுத்தே இம்மென்பொருள்கள் வளர்ந்தன. தனியொருவர் தளரும்வரை பயனடைந்தோர் வாளாவிருந்ததே பிழை. டெபியன் அமைப்பில், விலக விரும்புபவர் தம் பொதியை ‘அநாதை’ எனப் பகிரங்கமாக அறிவிக்கலாம். ஏற்பவர் வரும்வரை ஒரு குழு அதனைக் கவனிக்கும். விலகுதல் அங்கே வெட்கமன்று. இவ்வழக்கம் எங்கும் பரவவேண்டும். இம்மென்பொருள்களாற் பொருளீட்டும் நிறுவனங்கள் ஆளும் பொருளும் உதவவேண்டும். நெடுவழி நடப்பவனுக்குச் சுமைதாங்கி அமைத்தல் வழிப்போக்கர் அனைவரதும் கடன் அன்றோ?