சைக்கிளுக்குத் தடை இல்லை... இடமும் இல்லை

நேஷனல் ஹைவேயில் சைக்கிள் ஓட்டுவது சட்டப்படி தப்பா? கேட்டுப் பாருங்கள், "ஆமா, தப்புதான்" என்று அடித்துச் சொல்ல நிறையப் பேர் இருப்பார்கள். உண்மை வேறு. 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணுக்கு சைக்கிள் ஒரு மோட்டார் வாகனமே இல்லை. லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. புக் வேண்டாம், இன்ஷூரன்ஸ் வேண்டாம். மும்பை - புனே மாதிரியான எக்ஸ்பிரஸ்வேக்களில் தடை உண்டு. 2023 ஆகஸ்டில் பெங்களூரு - மைசூரு சாலையின் மெயின் பாதையில் பைக், ஆட்டோவோடு சேர்த்து சைக்கிளையும் தடுத்தார்கள். இப்படித் தனி அறிவிப்பு இல்லாத சாதாரண நாற்கரச் சாலையில் சைக்கிள் போகலாம்.

போகலாம், சரி. உயிரோடு வீடு திரும்ப வேண்டாமா?

சென்னையில் இருந்து திருச்சிக்கு பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். நடுவில் மீடியன், அதில் அரளிச் செடி. சைக்கிளில் வரும் பையன் விதிப்படி போக வேண்டுமானால் இடது ஓரமாகவே மிதித்துப் போய், அடுத்த திறப்பில் திரும்பி, அத்தனை தூரமும் மறுபடி வர வேண்டும். திறப்பு 2 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் ரோட்டைக் கடக்க மட்டும் 4 கிலோமீட்டர். எந்தப் பையன் மிதிப்பான்? (பெட்ரோல் போட்ட பைக்கில் வரும் பெரியவர்களே செய்வதில்லை!) ஆகவே ராங் சைடில் ஓரமாக வருகிறான். இல்லையென்றால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மீடியனைத் தாண்டுகிறான். எதிரே வரும் கார் 40-க்குப் பதில் 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், அடி இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. பள்ளியில் படித்த இயற்பியல்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த சைக்கிளே பல இடங்களில் அரசு கொடுத்தது. 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்த இலவச சைக்கிள் திட்டம், பிறகு அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மாணவ மாணவியருக்கு விரிந்தது. அதற்கும் முன்னால், 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களை சைக்கிளில் ஏற்றிவிட்டது. சைக்கிள் கொடுப்பது மாநில அரசு, நாற்கரச் சாலை போடுவது மத்திய அரசு. ஒன்றின் கை செய்வது மற்றதற்குத் தெரியாது போல.

விபத்து நடந்த பிறகுதான் ராங் சைடின் முழு விலை தெரியும். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டால், "அவர் மீதும் தவறு இருக்கிறது" என்று சொல்லி தொகையைக் குறைக்கச் சொல்லி இன்ஷூரன்ஸ் தரப்பில் வாதாட முடியும். திறப்பு வைக்காமல் ரோடு போட்டவர் அந்த வழக்கில் பெரும்பாலும் இருப்பதே இல்லை. காமர்ஸ் பாஷையில் சொன்னால், சர்வீஸ் ரோடும் சுரங்கப்பாதையும் போடாமல் மிச்சம் பிடித்தது மிச்சமே கிடையாது. செலவு ஊர்க்காரன் பேரில் பற்று எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

"டோல் கட்டாதவனுக்கு எதுக்குப் பாதை?" என்று ஒரு கேள்வி வரும். பைக்கும்தான் டோல் கட்டுவதில்லை. அகலப்படுத்த எடுத்த நிலம் யாருடையது? அந்த ஊர்க்காரர்களுடையது. நாலு வழி ஆவதற்கு முன்னால் அதே ரோட்டில்தான் அவர்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள்.

"பேசாமல் தடை போட்டுவிட்டால் என்ன?" 2013-ல் கொல்கத்தாவில் 174 சாலைகளில் சைக்கிளைத் தடை செய்தார்கள். பால்காரரும் பேப்பர் போடுகிறவரும்தான் மாட்டிக்கொண்டார்கள். மைசூரு சாலையிலாவது பக்கத்தில் சர்வீஸ் ரோடு இருக்கிறது, தடுத்தாலும் போக வழி உண்டு. அது இல்லாத இடத்தில் தடை போடுவது அநியாயம்.

இன்னொரு விஷயம். ரோடு போடும் முன் போக்குவரத்தைக் கணக்கெடுக்கும்போது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் முறைப்படி ஒரு சைக்கிள் அரை காருக்குச் சமம். கணக்கில் அரை கார், கட்டி முடித்த ரோட்டில் பூஜ்யம்! சர்வீஸ் ரோடு போட்ட ஊர்களிலும் வாய்க்கால் குறுக்கே வந்தால் பல இடங்களில் அது அங்கேயே நின்றுவிடும். பாலம் ஒன்றுதான், அது லாரிகள் பறக்கும் மெயின் ரோட்டில் இருக்கிறது. சைக்கிளும் அதில்தான் ஏற வேண்டும். முதலில் அந்த வாய்க்கால்கள் மேல் சின்னதாக ஒரு பாலம் போடட்டும். தடையைப் பற்றி அப்புறம் பேசலாம்.